இன்னும் ஒரு இறுக்கு

“இன்னும் ஒரு இறுக்கு, மாப்பிள்ளே! நல்லா அழுத்தி! அப்புறம் வழியில ஒழுகிச்சுன்னா என்னைச் சொல்லக் கூடாது.”

காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த மாப்பிள்ளைக்கு மாமனாரின் செருப்பு மட்டும்தான் தெரிந்தது. செருப்பு சொன்னபடி ஸ்பானரை ஓங்கி ஒரு அழுத்து அழுத்தினார்.

ஆயில் தட்டின் போல்ட் இறுகவில்லை. சுற்றியது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் சாவகாசமாகச் சுற்றியது. மரை போய்விட்டது!

“ஆச்சா?”

“ஆ... ஆச்சு மாமா.”

“பேஷ். நான் போய்க் கொஞ்சம் கண் அசந்துட்டு வரேன்.” செருப்பு நகர்ந்தது.

மாப்பிள்ளைக்குக் குப்பென்று வியர்த்தது. கல்யாண நாளுக்கு நான்கு நாள் வெளியூர் போகக் காரைக் கேட்டிருந்தார். சாமானியத்தில் எதையும் கொடுக்கிற கை இல்லை மாமனாருடையது. இரண்டு வாரம் பேரம் பேசி, “உங்க கையால ஆயில் மாத்திக் குடுங்க, எடுத்துட்டுப் போங்க” என்பதில் வந்து நின்றிருந்தது.

மனைவி குனிந்து எட்டிப் பார்த்தாள். “என்னங்க, முகமெல்லாம் கரி பூசின மாதிரி இருக்கு?”

“பூசித்தான் இருக்கு. மெதுவாப் பேசு. மரை போச்சு.”

“யாருக்கு?”

“உங்கப்பா காருக்குடி! முரட்டுத்தனமா இறுக்கிட்டேன்.”

“அப்பாகிட்ட சொல்லிடுங்களேன்.”

“சொன்னா கார் கிடைச்ச மாதிரிதான். பேரன் பேத்தி எடுத்த பிறகும் குத்திக்காட்டுவார். அவர் எழுந்தா ஒரு காபி குடுத்து உட்கார வை. இதோ வந்துட்டேன்.”

தெருமுனை உதிரிபாகக் கடையில் ஒரே கூட்டம். கடைக்காரர் தலையை நிமிர்த்தாமலே வைத்தியம் சொன்னார். “ஓட்டையில கொஞ்சம் பெரிசாப் புது மரை வெட்டுங்க. இந்தக் கம்பிச் சுருளை உள்ளே திருகுங்க. பழைய போல்ட்டே கச்சிதமா உட்காரும். சுருள் உங்களுக்கு, மரை வெட்டுற கருவி இரவல். சாயங்காலத்துக்குள்ள திரும்பி வரணும், அதுவரைக்கும் உங்க லைசென்ஸ் இங்கே இருக்கட்டும்.”

மாப்பிள்ளை மறுபடி காருக்கு அடியில் புகுந்தார். பழைய மரையின் இடுக்கில் பிசுபிசுவென்று வெள்ளை டேப் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. குழாய்க்குச் சுற்றுகிற டேப். எடுத்து எறிந்தார். கருவியில் கிரீஸ் தடவி, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று பச்சைக் குழந்தைக்கு மருந்து புகட்டுகிற பொறுமையோடு வெட்டினார். தூளைத் துடைத்துச் சுருளைத் திருகினார். போல்ட் ‘கிண்’ணென்று நின்றது. புது ஆயிலை ஊற்றி, அடியில் செய்தித்தாளை விரித்துவிட்டுக் காத்திருந்தார்.

அரை மணி கழித்து மாமனார் வந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, செய்தித்தாளை உருவி இரண்டு பக்கமும் பார்த்தார்.

“ஒரு சொட்டுகூட இல்லையே! கைன்னா இது கை! இந்தாங்க சாவி. பேச்சுன்னா பேச்சுதான்.”

சாவி உள்ளங்கையைச் சுட்டது. மனுஷன் இவ்வளவு நம்புகிறார். நாம் அவர் காரைக் கெடுத்து, ஒட்டுப்போட்டு, வாயை மூடிக்கொண்டு நிற்கிறோமே!

“வேண்டாம் மாமா. நாங்க பஸ்லயே போய்க்கறோம்.”

“அட, ஏன் மாப்பிள்ளே?”

“வயசான வண்டி... அதுவும் ஓய்வெடுக்கட்டும்.”

மனைவி முறைத்தாள். மாமனார் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. சாவி அவர் சட்டைப்பைக்குத் திரும்பியது.

சாயங்காலம் கருவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடையில் கூட்டம் இல்லை.

“நல்லா உட்கார்ந்துச்சா சார்? எந்த வண்டி?”

“மாமனாரோடது. தபால் ஆபீசுக்கு எதிர் வீட்டு நீல வண்டி.”

லைசென்ஸை நீட்டிய கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“அந்த மாப்பிள்ளை நீங்கதானா? பெரியவர் போன மாசமே மரையைக் காலி பண்ணிட்டு வந்து நின்னாரே! இதே கருவியைத்தான் எடுத்துக் காட்டினேன். ‘எனக்கு இடுப்பு வளையாதுப்பா, மாப்பிள்ளை வர்ற வரைக்கும் ஒழுகாம இருந்தாப் போதும்’னு வெள்ளை டேப் ஒண்ணு மட்டும் வாங்கிட்டுப் போனார்.”