கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு அங்கி

சம்பாலஸ் கரைக்கு அப்பால், போர்க்கப்பலின் கட்டளை அறையில் எல்லோர் கண்ணும் திரையில் இருக்கிறது. கமடோர் ரொடேலியோ மகராயெக் இப்போதுதான் சுடச் சொன்னார். ஏவுகணை கிளம்பிய அதிர்வில் அவருடைய காப்பி இன்னும் வளையம் வளையமாக நடுங்குகிறது. குறி, ஆளில்லாமல் மிதக்கும் பழைய கப்பல். சின்ன அதிகாரியாகச் சேர்ந்த புதிதில் அவர் வாந்தியெடுத்தே கடலுக்குப் பழகிய கப்பல். பிறகு அவரே தலைவராக நின்ற கப்பல். இன்று பயிற்சிக்குப் பலி. ட்ரோன் காமிரா அதைச் சுற்றி வருகிறது. துரு, சாய்ந்த வெயில், கொடிமரத்தில் ஒரு கடற்பறவை. மேல்தளக் கண்ணாடிக்குப் பின்னால் முழ உயரத்தில் என்னவோ சிவப்பாகத் தெரிகிறது. மகராயெக் திரையை நோக்கிக் குனிகிறார். கப்பலுக்கு ஓய்வு கொடுக்கும்போது, அதைக் காத்த, சிவப்பு அங்கி போட்ட குழந்தை யேசு சொரூபத்தைக் கடைசியாக இறங்குகிறவன் கையில் ஏந்தி வர வேண்டும். அன்று அவரும், இப்போது பக்கத்தில் நிற்கும் தலைமை மாலுமி நொனாட்டோவும் சேர்ந்தே இறங்கினார்கள்.

"சீஃப், சொரூபம் உங்க வீட்டுலதானே இருக்கு?"

நொனாட்டோ திரையிலிருந்து திரும்புகிறார். "உங்க வீட்டுலன்னுல்ல நினைச்சேன் சார். என் பொண்டாட்டி புது அங்கிகூட தைச்சு வச்சிருக்கா, உங்க வீட்டு மேடத்துகிட்ட குடுக்க."

"ஏவுனதைத் திருப்ப முடியாதா?"

"முடியாது சார்."

திரை வெளுக்கிறது. அறை முழுக்கக் கைதட்டல். ஓர் இளம் அதிகாரி ஒலிவாங்கியை நீட்டுகிறான். "நேரா மேல்தளத்துலயே விழுந்திருக்கு சார். பாராட்டி ரெண்டு வார்த்தை சொல்லுங்க." மகராயெக்கின் வலது கை சிலுவை போட எழுந்து நெற்றியோடு நின்றுவிடுகிறது. சல்யூட் என்று எண்ணி, அறை மொத்தமும் விறைத்து நின்று அவருக்குத் திருப்பி சல்யூட் வைக்கிறது.