அடியில் கிடப்பதுதான் மருந்து

அவள் தம்ளரைக் கையில் எடுத்த பிறகுதான் நினைவு வந்தது.

இன்று மருந்து இல்லை.

அதற்குள் சாத்துக்குடி பிழிந்தாகிவிட்டது. உதடுகள் இறைவன் பெயரால் என்று பிஸ்மியும் சொல்லிவிட்டன. மகள் நிலோபர் பேசப் பழகிய நாளிலிருந்து இந்தக் கைகளுக்கு வேறு காலை தெரியாது.

நிலோபரின் உடம்பு தனக்கு வேண்டிய ரத்தத்தைத் தானே உண்டாக்காது. மாதந்தோறும் யாரோ கொடுத்த ரத்தம் ஏற்றுவார்கள். அந்த முகம் தெரியாதவர்களுக்காக உம்மா துஆ கேட்காத தொழுகை இல்லை.

ரத்தத்தோடு வரும் இரும்பு மட்டும் போக வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். அதை வெளியேற்றத்தான் மாத்திரை. சாற்றில் கரைத்து, வெறும் வயிற்றில்.

நிலோபர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். குடித்த பின்னும் தம்ளரில் மாவாகக் கொஞ்சம் ஒட்டியிருக்கும். தண்ணீர் ஊற்றி அலசி, அதையும் உம்மா குடிக்க வைப்பாள்.

"அடியில கெடக்குறதுதான் மருந்து. விட்ராதம்மா."

போன மாதம் பிள்ளைக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். ஒரு வாய்க் கஞ்சி தங்கவில்லை. உதடு காய்ந்து வெடித்திருந்தது. அப்போதும் மடியில் சாய்த்துக் கெஞ்சிக் கெஞ்சி, அலசிய தண்ணீர் வரைக்கும் புகட்டினாள்.

நேற்று டாக்டர் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு அந்த நாட்களைப் பற்றித்தான் கேட்டார்.

"ஒரு நாள்கூட விடல டாக்டர்."

பாராட்டுவார் என்று நினைத்தாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"உடம்புல தண்ணி வத்துன நேரத்துல இது கிட்னியக் கெடுத்துரும்மா. அப்ப நிறுத்தணும்னு நாங்க சொல்லியிருக்கணும். உங்க மேல தப்பில்ல."

விடாதே, விடாதே என்று எத்தனை பேர் சொன்னார்கள். எப்போது விட வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

சிறுநீரகம் தேறும்வரை மருந்து கிடையாது. அதுவரை இரும்பு சேர்ந்துகொண்டே இருக்கும். தேறுமா என்று கேட்டாள்.

பார்க்கலாம் என்றார்.

பேருந்தில் பிள்ளை தோளில் சாய்ந்து தூங்கினாள். தலையைத் தடவப் போன கையை அவள் பாதியிலேயே இழுத்துக்கொண்டாள்.

மாத்திரை துரோகம் செய்தது. சொல்லாமல் விட்டவர்களும் செய்தார்கள். ஆனால் பிள்ளையின் வாயருகே போனது இந்தக் கை.

இப்போது நிலோபர் எழுந்து வந்தாள். தூக்கக் கலக்கத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு தம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். மூக்கிலிருந்து விரலை எடுத்தாள். ஒரு மடக்குக் குடித்தாள்.

"இனிக்குது உம்மா!"

இன்னொரு மடக்கு. அதோடு நிறுத்திக்கொண்டாள். அடுப்பு மேடையில் உம்மா தனக்கென நேற்று மூடி வைத்த சோறு அப்படியே இருந்தது. அதைப் பார்த்தாள். உம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

தம்ளரை மெல்ல ஒரு சுழற்றுச் சுழற்றி, உம்மாவின் வாயருகே கொண்டுவந்தாள்.

"பிஸ்மி சொல்லிட்டுக் குடிங்க. அடியில கெடக்குறத விட்ராதீங்க."

உம்மா தன் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.