இருபதுக்குப் பூச்சியம்

பிற்பகல் இரண்டு பத்து. திருத்த வேண்டிய ஆங்கில இலக்கிய விடைத்தாள்கள் பதினேழு. திருத்துகிறவர் மவுறீன் டீச்சர்.

பதினாறு முடிந்துவிட்டன. பதினேழாவதில் சிவப்புப் பேனை நின்றது. இரண்டு தடவை வாசித்தார். பிறகு ஓரத்தில் ஒரு பூச்சியம் போட்டு வட்டமிட்டார்.

பக்கத்து மேசையில் இருந்த நிஸ்றா டீச்சர் எட்டிப் பார்த்தார். அவர் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஏழு மாதம்தான்.

"என்ன மிஸ், ஒரு பக்கம் நிறைய எழுதியிருக்கான். பூச்சியமா?"

"கேள்வி என்னெண்டு வாசிங்க மகள்."

பாடத்தில் இருந்த கதைப் பாட்டைப் பற்றிய கேள்வி. புயலில் ஒரு மீனவனின் படகு கவிழ்கிறது. மூன்று பந்தி நீளத்துக்கு அவன் அலறுகிறான். கரையில் ஊரே நின்று கேட்கிறது. 'இப்பாட்டின் றொமான்டிக் இயல்புகளையும் ஓசை நயங்களையும் ஆராய்க. இருபது புள்ளி.'

"இயற்கையின்ட சீற்றம், எளிய மனிசன், உணர்ச்சிப் பெருக்கு. அதுக்குப் பத்து" என்றார் மவுறீன் டீச்சர். "மோனை, அலைச் சத்தம் மாதிரி வாற சொல்லுகள், திரும்பத் திரும்ப வாற அடி. அதுக்குப் பத்து. பதினாறு பிள்ளைகளும் அதைத்தான் எழுதியிருக்காங்க. இவர் என்ன எழுதியிருக்கார் எண்டு பாருங்க."

ஆரையம்பதியிலிருந்து வரும் மதுஷனின் விடைத்தாள் அது.

'இந்தப் பாட்டில் ஓசை நன்றாக இருக்கிறது. ஆனால் அது பொய். போன மார்கழியில் அப்பாவும் நானும் ஒரே தோணியில் வாவிக்குப் போனோம். நான் முன்பக்கம் இருந்து வலையை இழுத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது தோணியில் நான் மட்டும்தான் இருந்தேன். பிறகு அவரை எடுத்தபோது வலைக் கயிறு அவருடைய காலில் சுற்றியிருந்தது. அவர் விழுந்தது என் முதுகுக்குப் பின்னால். எனக்குக்கூட ஒரு சத்தமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திரும்பியிருப்பேன். இந்தக் கவிஞர் படகில் இருந்திருக்க மாட்டார். கரையில் நின்றிருப்பார்.'

நிஸ்றா தாளை மெதுவாகக் கீழே வைத்தார்.

"யா அல்லாஹ்... மிஸ், ரெண்டு புள்ளியாவது குடுங்க. மற்றக் கேள்வியெல்லாம் சேர்த்து முப்பத்திமூணு எடுத்திருக்கான். முப்பத்தஞ்சு இல்லாட்டி இந்தப் பாடத்தையே விட வேணுமே."

"விடத்தான் வேணும்."

"உங்கட மனசென்ன கல்லா மிஸ்?"

"கல்லுத்தான். கடைசிச் சோதினையில இவன்ட தாளைத் திருத்தப் போறது நானா? எங்கயோ ஒரு ஊரில ஆரோ ஒருத்தர். அவர்ட கையில புள்ளித் திட்டம் இருக்கும். அதில இவன்ட அப்பாவுக்குப் புள்ளி இல்ல. இண்டைக்கு நான் பாவம் பார்த்து ரெண்டு போட்டால், நாளைக்கு அங்க போய் விழுவான். எது மகள் பாவம்?"

நிஸ்றா தாளை அவர் பக்கம் தள்ளினார். சொன்னதில் நியாயம் இருந்தது.

மறுநாள் விடைத்தாள்கள் வகுப்புக்குப் போயின. மதுஷன் எழுந்து நின்றான்.

"மிஸ், நான் எழுதினது பிழையா?"

"பிழையெண்டு ஆர் சொன்ன? கேட்டது ஒண்டு, நீ சொன்னது ஒண்டு."

"ரெண்டு புள்ளிதான் மிஸ் குறையுது. இங்கிலிஸ் டீச்சரா வரத்தான் இந்தப் பாடம் எடுத்தன்."

"புவியியல் எடு மனே. அதிலயும் காத்து, கடல் எல்லாம் வரும்."

பின்வாங்கில் ரெனி சிரித்தாள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். மதுஷன் சிரிப்பு அடங்கும்வரை நின்றான்.

"அப்ப இந்தத் தாளை நான் வீட்டுக்குக் கொண்டு போகட்டா மிஸ்?"

"ஏன், பூச்சியத்தைக் கண்ணாடி போட்டு மாட்டவா?"

"இல்ல மிஸ். நான் திரும்பிப் பார்க்காததை இன்னும் அம்மாவுக்குச் சொல்லல்ல. வாயால சொல்ல ஏலாது. இதை வாசிச்சுக் காட்டலாமெண்டு..."

வகுப்பில் இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. மவுறீன் டீச்சர் கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டார்.

"திருத்தின தாள் எல்லாம் கோப்பில இருக்க வேணும். இரு."

அடுத்த கிழமை மதுஷன் புவியியல் வகுப்புக்கு மாறினான். அங்கே பாதிப் பாடம் முடிந்திருந்தது. இலக்கிய வகுப்பு நடக்கும் நேரங்களில் அந்தப் பக்கமாக அவன் போவதில்லை. தண்ணீர் குடிக்கக்கூட மைதானத்தைச் சுற்றித்தான் போனான்.

ஆசிரியர் அறையில் கதை அடிபட்டது. "தகப்பனைப் பறிகுடுத்த பிள்ளைக்குப் பூச்சியம் போட்ட மனிசி" என்றார் கணித பாட ரதீஸ் சேர்.

"அப்பிடிச் சொல்லாதீங்க சேர்" என்று குறுக்கிட்டது நிஸ்றாதான். "மிஸ் அழுது காட்டல்ல, அவ்வளவுதான். அந்தப் பிள்ளை எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சாங்க. நான் பார்த்துக்கொண்டிருந்தன். அவங்க மனசு அவங்களுக்குத்தான் தெரியும்."

அதற்குப் பிறகு ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

2023 ஒக்டோபர் 6, வெள்ளிக்கிழமை, ஆசிரியர் தினம். ஆசிரியர்களுக்கான ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் முதற்பரிசு மவுறீன் டீச்சருக்குக் கிடைத்தது. கதைப் பாட்டுகளின் ஓசை நயம் பற்றிய அந்தக் கட்டுரையின் தலைப்பு: 'கவிஞர் கரையில் நின்றார்.'