உள்காயம்

"எடுக்க முடியாதுன்னா என்னய்யா பண்ணுவீங்க? கார எம் மேல ஏத்துவீங்களா?"

சிவபிரகாஷ் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. பந்தல் சாமான் ஏற்றிவந்த அவனுடைய லோடு ஆட்டோ தெருவை அடைத்துக்கொண்டு குறுக்கே நின்றது. அதற்குப் பின்னால் நாகராசின் புதுக் கார். மஸ்கட்டிலிருந்து திரும்பி வந்து போன வாரம்தான் வாங்கியிருந்தார்.

"மரியாதையாப் பேசுடா. எம் பொண்டாட்டி எம்புட்டு நேரமா கார்ல உக்காந்திருக்கா தெரியுமா?"

"உக்காரட்டும். புதுக் காருதான, ஏசி இருக்கும்ல?"

வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் வினையானது. நாகராசு பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தார்.

கல்யாண வீட்டு வாசலில் பந்தக்கால் குழி தோண்டிக்கொண்டிருந்த வசந்தகுமார், கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். பிரகாஷின் அண்ணன். குன்றாண்டார்கோவில் பக்கமிருந்து பிழைக்க வந்து, குடுமியான்மலையில் பந்தல் கடை போட்டிருந்தார்கள் இருவரும். தம்பி எங்கே வம்பை இழுத்தாலும் அண்ணன் நடுவில் போய் நிற்பான். அவன் நின்றால் சண்டையும் நின்றுவிடும்.

"நாகராசண்ணே, கைய எடுங்க. அடிக்கணும்னா என்னைய அடிங்க. ஆனா ஒண்ணு, எனக்கு ரத்தம் உறையாத வியாதின்னு ஊருக்கே சொல்லியிருக்கேன். ஒரு குத்து விழுந்தாலும் நான் ஆஸ்பத்திரிக்கு, நீங்க ஸ்டேஷனுக்கு."

நாகராசின் பிடி தளர்ந்தது. அவரும் அதைக் கேள்விப்பட்டிருந்தார்.

"நீ தள்ளு வசந்து. ஒன் தம்பிக்கு வாய் ரொம்பக் கூடிப்போச்சு."

"வாய் மட்டுமா? கையும் நீளும், பாக்குறீங்களா?" அண்ணனின் தோளுக்கு மேலாக எகிறினான் பிரகாஷ்.

நாகராசுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு பேரையும் சேர்த்து ஒரே தள்ளு. அண்ணனும் தம்பியும் ஆட்டோவின் மேல் போய் விழுந்தார்கள். இரும்புக் கதவில் முட்டி மோதிய சத்தம் ணங்கென்று கேட்டது.

"எனக்கு ஒண்ணுமில்ல!" உடனே எழுந்துவிட்டான் பிரகாஷ். "வாங்க, இன்னொரு தடவ தள்ளிப் பாருங்க!"

வசந்தகுமார் எழவில்லை. தம்பியை ஒரு பார்வை பார்த்தான். பிறகு வலது முட்டியைக் கட்டிக்கொண்டு தரையில் புரண்டான்.

"ஐயோ ஆத்தா! முட்டி போச்சே!"

சிரித்தவர்களெல்லாம் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். கார்க் கதவைத் திறந்துகொண்டு நாகராசின் மனைவி திலகவதி ஓடிவந்தாள்.

"என்னங்க பண்ணித் தொலைச்சீங்க?"

"லேசாத்தான் தள்ளுனேன். ஒரு காயத்தையும் காணோமே!"

"வெளிய தெரியாதுண்ணே," புரள்வதை நிறுத்தாமலே விளக்கினான் வசந்தகுமார். "மூட்டுக்குள்ள ரத்தம் கசிஞ்சுக்கிட்டே இருக்கும். எங்க அம்மா வழியில வர்ற வியாதி. எங்க தாய்மாமனுக்கு இப்படித்தான் கவனிக்காம விட்டுக் காலே மடங்காமப் போச்சு. உடனே ஊசி போட்டாத்தான் நிக்கும். புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்கு விடுங்க!"

"வேணாம்ணே," பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான் பிரகாஷ். "எவனும் நம்மளப் பாத்துப் பரிதாபப்பட வேணாம்."

"நீ பேசாத!" திலகவதி சீறினாள். "எல்லாம் ஒன்னால வந்தது. கூடப் பொறந்தவன் துடிக்கிறான், இவரு ரோசம் பேசுறாரு. ஏறுடா கார்ல!"

வசந்தகுமாரைத் தூக்கிப் பின் சீட்டில் கிடத்தினார்கள். மீன் கடையிலிருந்து யாரோ ஒரு பை ஐஸ் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிரகாஷ் அண்ணனின் காலைத் தன் கால் மேல் போட்டு, இரண்டு முட்டிக்கும் நடுவில் ஐஸ் பையைச் செருகிப் பிடித்துக்கொண்டான். புது சீட்டெல்லாம் மீன் வாசனையோடு தண்ணீர் சொட்டியது. நாகராசு காரை விரட்டினார்.

ஒவ்வொரு வேகத்தடைக்கும் வசந்தகுமார் அலறினான். பிரகாஷுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இப்பத் தெரியுதா?" முன் சீட்டிலிருந்து திரும்பினாள் திலகவதி. "வியாதின்னு தெரிஞ்சும் ஊர்ச் சண்டைய இழுக்கலாமா?"

"இனிமே இழுக்க மாட்டேங்க்கா."

"சத்தியமா?" அலறலை நிறுத்திவிட்டு வசந்தகுமார் கேட்டான்.

"சத்தியமாண்ணே."

"அப்பாடா!" என்றவன், நாகராசு கண்ணாடியில் பார்ப்பதைக் கவனித்து, "ஐயோ, முட்டி!" என்றான்.

நாகராசு வேகத்தைக் குறைக்காமலே சொன்னார். "எம் மேலயும் தப்புதான் வசந்து. இனிமே ஆட்டோவ எங்கன வேணா நிப்பாட்டிக்கங்க. நான் சுத்திப் போறேன். நீ நல்லபடியா எந்திரிச்சு வந்தாப் போதும்ப்பா."

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்தது. வசந்தகுமாரைப் படுக்கவைத்து அவசரப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"கூட ஒருத்தர் மட்டும் வாங்க. மத்தவங்க வெளிய இருங்க," என்றாள் நர்ஸ் அன்புச்செல்வி.

நாகராசும் திலகவதியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். பிரகாஷ் மட்டும் உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது.

வியாதியின் பேரைக் கேட்டதுமே டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டு அன்புச்செல்வி ஸ்ட்ரெச்சர் அருகே வந்தாள்.

வசந்தகுமார் தலையைத் தூக்கிக் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தான். பிறகு ஸ்ட்ரெச்சரிலிருந்து துள்ளிக் குதித்து இறங்கி, இரண்டு காலிலும் திடமாக நின்றான்.

"அவுங்க வெளிய உக்காந்துட்டாங்க. டேய் பிரகாசு, ஒன் வியாதிக்கு நான் புரண்டது போதும், இப்பவாச்சும் ரோசத்த விட்டுட்டு ஏறிப் படுடா. முட்டி எம்புட்டு வீங்கியிருக்குன்னு காட்டு, சிஸ்டர் ஒனக்கு ஊசி போடட்டும்."