பருந்தின் முதுகு

எத்தியோப்பிய மலைமேட்டுப் பள்ளிக்கு ஆசிரியராக வந்த தேவசகாயத்தின் குடும்பம் மழைக்காலத்தில்தான் அங்கே குடியேறியது. வீட்டின் பின்புறப் புல்வெளியை எப்போதும் மூடுபனி மறைத்திருந்தது. மகள் அபிலா அதற்குள்தான் ஓடி விளையாடுவாள். ஒரு காலை, காற்று பனியை வாரிக்கொண்டு போனது. துணி உலர்த்திக்கொண்டிருந்த தேவசகாயத்தின் மனைவி கிறிஸ்டில்டா, பறக்கும் பருந்தின் முதுகைப் பார்த்தாள். அதற்கும் வெகு கீழே நூல்போல ஓர் ஆறு ஓடியது. கொடிக்கயிற்றுக்குச் சற்று அப்பால் புல்வெளி அப்படியே அறுந்து நின்றது. அவள் புல்லைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“என்னட்டி, மயக்கமா?” என்றபடி தேவசகாயம் வந்தான். அவன் கையைப் பிடித்திருந்த அபிலா, விளிம்புக்கு வெளியே நீண்டிருந்த பாறையைக் காட்டினாள்.

“அம்மா, அதுதான் நான் தெனமும் உக்காருத கல்லு.”

தேவசகாயம் அந்தப் பாறையையும் அதற்குக் கீழே தெரிந்த ஆற்றையும் பார்த்தான்.

“அப்பா, கை வலிக்கு” என்றாள் அபிலா.