குளத்தில் நடந்த விசாரணை

குளத்துத் தண்ணீரைக் குடித்த வாத்துக்கு மூன்று நாளாக வயிற்றுக்கடுப்பு. அது நேராகத் தவளையிடம் போய்ப் புகார் கொடுத்தது.

தவளை அமீபாவைக் கூப்பிட்டு, "வாத்தின் வயிற்றைக் கெடுத்தது நீதானே?" என்று அதட்டியது.

அமீபா சட்டென்று இரண்டாகப் பிரிந்தது. "நானில்லை ஐயா, இவன்தான்!" என்று இரண்டும் ஒன்றையொன்று காட்டிக்கொடுத்தன.

தவளைக்குத் தலை சுற்றியது. "சரி, அது கிடக்கட்டும். கிருமிகளைத் தின்று இந்தக் குளத்தைச் சுத்தமாக வைத்திருப்பது யார்? அவருக்கு ஒரு தாமரை மாலை உண்டு."

அதற்குள் இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, எல்லாம் ஒரே குரலில் கத்தின: "நான்தான் ஐயா!"

தவளை தீர்ப்பு எழுதியது: "குற்றவாளி யாருமில்லை. மாலைக்கு உரியவர்கள் எட்டுப் பேர். வாத்து இனிமேல் கண்ட தண்ணீரைக் குடிக்கக் கூடாது."