யாருக்கும் அஞ்சாதவன்

பதிவாளர் அம்மா அந்தப் பெயரை முழுசாக, உரக்க வாசித்தார்.

"நான் இல்ல! நான் பண்ணல!" என்றான் மாப்பிள்ளை.

கல்யாணப் பதிவு அறையில் எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது.

"நீங்க இல்லையா?" பதிவாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

அதற்குள் பின்னால் இருந்த நாற்காலியிலிருந்து அவன் அப்பாவும் எழுந்துவிட்டார். "நானும் இல்லீங்க."

பக்கத்தில் அசந்து தூங்கிக்கொண்டிருந்த தாத்தா, கண்ணைத் திறக்காமலே சொன்னார். "நான் அந்தப் பக்கமே போகல."

சிரிக்காதீர்கள். அவர்கள் மேல் தப்பில்லை. தப்பெல்லாம் அந்தப் பெயர் மேல்தான்.

அது சாமானியப் பெயர் அல்ல. எந்தக் காலத்திலோ ஓர் அரசன் வைத்துக்கொண்டு, பாறையில் வெட்டிவைத்துவிட்டுப் போன பெயராம். யாருக்கும் அஞ்சாதவன் என்று பொருளாம். எந்தப் பாறை என்று கேட்டால் மட்டும் தாத்தா மேற்கே கை காட்டுவார், அப்பா கிழக்கே கை காட்டுவார்.

அந்த வீட்டில் தலைமுறைதோறும் மூத்த பிள்ளைக்கு அதைத்தான் வைப்பார்கள். தாத்தாவுக்கு அதுதான், அப்பாவுக்கு அதுதான், இவனுக்கும் அதுதான்.

வைத்ததோடு சரி. கூப்பிட வேண்டுமே! அத்தனை நீளப் பெயரைச் சொல்லிச் சாப்பிட அழைத்தால், சொல்லி முடிப்பதற்குள் சாப்பாடு ஆறிப்போகும். அதனால் தாத்தா 'பெரியவர்', அப்பா 'நடுவுலவர்', இவன் பிறந்த அன்றிலிருந்து 'பூனை'.

முழுப் பெயரை வெளியே எடுப்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். திட்டுவதற்கு.

அதில் அம்மா கெட்டிக்காரி. மாமனாரையும் புருஷனையும் பெயர் சொல்லிக் கத்த முடியுமா? மகனைக் கத்தலாமே! குழாயை மூடாமல் விட்டது யாராக இருந்தாலும் சரி, சமையலறையிலிருந்து அந்தப் பெயர் ஒரே ஒரு முறை கிளம்பும். மூன்று பேரும் மூன்று மூலையில் பம்முவார்கள்.

பூனை லிஃப்ட் பழுது பார்ப்பவன். பதினான்காவது மாடி உயரத்தில், இரும்புக் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே விசிலடிப்பான். அந்தப் பெயரைக் கேட்டால் மட்டும் ஏழு வயசாகிவிடுவான்.

பதிவாளர் முதலிலேயே சொல்லியிருந்தார். பெயரை மூன்று முறை வாசிப்பார். 'நான்தான்' என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கோப்பைக் கட்டி வைத்துவிடுவார். அடுத்த தேதி நாலு மாதம் கழித்து.

மணப்பெண் தன் பெயருக்கு, ஹாரன் அடித்த மாதிரி 'நான்தான்' என்று சொல்லி முடித்துவிட்டாள். பஸ் ஓட்டுகிறவள் அவள். கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய ஒரே ஒரு நாள் லீவு.

பதிவாளர் இரண்டாவது முறை வாசித்தார். இப்போது கொஞ்சம் கடுப்போடு. அச்சு அசல் அம்மாவின் குரல்.

பூனை பல்லைக் கடித்துக்கொண்டான். 'நான்' வரைக்கும் வந்துவிட்டது.

"நா... நா... தம்பிதான் பண்ணான்!"

அவனுக்குத் தம்பியே கிடையாது.

காது மடல் சிவந்து, தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். பதிவாளர் கோப்பைக் கட்டும் நாடாவைக் கையில் எடுத்தார்.

"மேடம், மூணாவது தடவை நான் கூப்பிடட்டுமா?" என்றாள் மணப்பெண்.

பதிவாளர் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். யார் கூப்பிட வேண்டும் என்று அதில் போட்டிருக்கவில்லை.

அவள் அவன் காதருகே வந்தாள். அந்தப் பெயரை ஓர் எழுத்து விடாமல் சொன்னாள். கடைசி நிறுத்தத்தில் தூங்கிப்போன பயணியை எழுப்புகிற குரலில். பையை மறந்துடாதீங்க, பாத்து இறங்குங்க என்கிற குரலில்.

அந்தப் பெயரை அப்படியும் சொல்லலாம் என்பது அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. தாத்தாவே கண்ணைத் திறந்துவிட்டார்.

"நான்தான்," என்றான் பூனை.

டப்பென்று முத்திரை விழுந்தது.

பின் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா சும்மா இருப்பாளா? "அப்ப, நீ ரெண்டாவது படிக்கிறப்ப அந்தப் பீங்கான் ஜாடிய உடைச்சது?"

இருபத்தோரு வருஷத்து வழக்கு. அன்றைக்கு அம்மா போட்ட சத்தத்தில் மூன்று பேருமே 'நான் இல்லை' என்று சொன்னவர்கள். இன்று வரை யாரும் மாற்றிச் சொல்லவில்லை. அம்மாவும் வாரம் ஒரு தடவையாவது அதை எடுக்காமல் விட்டதில்லை.

பூனை புது மனைவியைப் பார்த்தான். நெஞ்சை நிமிர்த்தினான்.

"அதுவும் நான்தாம்மா."

"டேய், நீ எதுக்குடா ஏத்துக்கிற? நான்தான்," என்று அப்பா எழுந்தார்.

"ரெண்டு பேரும் உக்காருங்கடா. உடைச்சது நான்தான்," என்று தாத்தா கைத்தடியை ஊன்றினார்.

பந்து பட்டது என்றான் பூனை. முழங்கை இடித்தது என்றார் அப்பா. தடி தட்டியது என்றார் தாத்தா. பாறையில் வெட்டிய நாளிலிருந்து அந்தப் பெயருக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்திருக்காது.

"இதுக்குத் தனியா மனு போடணும்," என்றார் பதிவாளர்.

அம்மா மட்டும் கைக்குட்டையை எடுத்து, ஈரமே இல்லாத கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஜாடி உடைந்த அன்றைக்குத்தான் அந்தக் கை ஈரமாக இருந்தது. வழுக்கிய ஜாடி தரையைத் தொடுவதற்கு முன்பே அந்தப் பெயரைக் கத்திவிட்டாள்.